கட்டைவிரலுக்கு முப்பது

தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923இல் வந்தது. 1924 ஜூலை 1 முதல் அமல். அதற்கு முன் அடிபட்டவர்தான் முதலாளியின் தப்பை நிரூபிக்க வேண்டும். புதுச் சட்டம் யார் தப்பு என்று கேட்கவில்லை. வேலையில் இருக்கும்போது, வேலையின் காரணமாக நடந்ததா? அது போதும். குடித்திருந்தார், காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினார் என்ற வாதங்கள்கூட, ஆள் இறந்திருந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமாகியிருந்தாலோ எடுபடாது.

*

சட்டத்தின் அட்டவணையில் உடம்புக்கு விலைப்பட்டியலே இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. பவர் பிரஸ்ஸில் வேலை செய்பவர்களுக்கு வக்கீல் சொல்லாமலே இந்த எண்கள் தெரியும்.

ஆனால் பட்டியலே முடிவல்ல. ஒரு தச்சருக்கு இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்பதை 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நஷ்ட ஈடு விபத்து நடந்த அன்றே கொடுபடவேண்டிய கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது.

*

வேலை எந்த இடத்தில் தொடங்குகிறது? சௌராஷ்டிராவில் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து திரும்பும் வழியில் படகு கவிழ்ந்து இறந்த வழக்கில், அது வேலையில் சேராது என்றது 1958 தீர்ப்பு. பம்பாயில் பணி முடிந்து, தன் நிறுவனத்தின் பஸ்ஸிலேயே வீடு திரும்பிய டிரைவர் விபத்தில் இறந்தார். அது சேரும் என்றது 1963 தீர்ப்பு.

2025 ஜூலையில் மகாராஷ்டிர சர்க்கரை ஆலைக் காவலாளி வழக்கு. அதிகாலை 3 மணி ஷிஃப்ட். ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில், மோட்டார் சைக்கிளில் வந்தவர் விபத்தில் இறந்தார். இடம், நேரம், வேலை மூன்றுக்கும் தொடர்பு இருந்தால் வேலைக்குப் போகும் வழியும் வேலைதான் என்றது உச்ச நீதிமன்றம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) சட்டத்தில் இது 2010 திருத்தத்திலேயே ஏறிவிட்டது. இவ்விரு சட்டங்களுக்கும் பதிலாக 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது.

காவலாளி இறந்தது 2003இல். தொழிலாளர் நஷ்ட ஈட்டு ஆணையர் விதித்த தொகை 3,26,140 ரூபாய், 12 சதவீத வட்டியோடு. இருபத்திரண்டு வருட வட்டி அசலைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆலையின் இன்ஷூரன்ஸ் கம்பெனி அன்றே கட்டியிருக்கலாம்.

*

கணக்கு இது: இறப்புக்குச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு 207.98. மாதம் 22,000 வாங்கியவராக இருந்தால் 22,87,780 வர வேண்டும். வராது. 15,000க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 15,000 என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது 2020 ஜனவரி அறிவிப்பு. கிடைப்பது 15,59,850. வேலையின் எல்லையைத் தீர்ப்புகளால் சாலைவரை நீட்ட முடிந்தது. இந்த வரம்பை அரசாங்கம்தான் உயர்த்த வேண்டும்.

*

இ.எஸ்.ஐ.யில் பெயர் இருந்தால் இந்த நஷ்ட ஈட்டு வழி மூடிவிடும், பலன் அங்கே. ஆகவே முதல் கேள்வி அதுதான்.

*

காண்ட்ராக்டரின் ஆள், எனக்குச் சம்பந்தமில்லை என்று கைவிரிக்கும் கம்பெனிகள் உண்டு. தன் தொழில் சார்ந்த வேலையைக் காண்ட்ராக்டில் விட்டவரிடமே நஷ்ட ஈடு கேட்கலாம். அவர் பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

*

சாவு வீட்டில் ஒரு தொகையைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கம். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த ஒப்பந்தம் செல்லாது. இறப்புக்கான நஷ்ட ஈட்டை உரிய அதிகாரியிடம் கட்டியாக வேண்டும். முன்பணமாகக் கொடுத்தது மூன்று மாதச் சம்பளம்வரைதான் கணக்கில் கழியும். மனுப் போட இரண்டு வருடக் கெடு. கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பேசாமல் இருந்துவிடும் குடும்பங்களுக்கு அந்தக் கெடுதான் எதிரி.