இருபத்துநான்கு பந்துகள்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி பொத்தேரியில் நின்றதும் பாதி காலியாகிவிடும். இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள். நம் புறநகர்க்காரர்களுக்கு அது நாள்தோறும் காணும் காட்சி. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுகள் கட்டடக்கலை பயின்று, வரைபடத் தாளோடு இரண்டாண்டுகள் போராடிப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதுக்கு மேல் பந்தைக் கையில் எடுத்த ஒருவரைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். அவர் வருண் சக்கரவர்த்தி.

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் 'ரிலீஃப் பிட்சர்' என்றொரு பணி உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிய பந்தெறியாளர் களைத்துப்போன பிறகு, அவர் விட்டுச்சென்ற நெருக்கடியோடு சேர்த்து ஆட்டத்தை ஏற்றுக்கொள்ள வருகிறவர். எறிவது சில பந்துகளே. நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவேரா இவ்வகையில் தலையாயவர். வெற்றியைக் காத்து முடித்த ஆட்டங்கள் 652. அவரும் 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்சில், கைக்கெட்டிய கோப்பையைத் தவறவிட்டார்.

நம் மரபில் இதற்கு இணை தேடினால் புறத்திணையின் 'எருமை மறம்' நினைவுக்கு வருகிறது. தன் படை முதுகிட்டு ஓடும்போது பின்னே தனித்து நின்று எதிரியைத் தாங்கும் வீரனைப் பாடும் துறை அது. (தமிழாசிரியர்கள் எதைத் தொட்டாலும் புறநானூற்றுக்குப் போய்விடுவார்கள் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. இம்முறை பொறுத்தருள்க.) இருபது ஓவர் கிரிக்கெட்டின் பந்துவீச்சாளன் அந்த வீரனுக்குத் தம்பி முறை. அவனுக்குக் கிடைப்பது நான்கு ஓவர், இருபத்துநான்கு பந்து. டெஸ்ட் ஆட்டக்காரனைப்போலக் காலையில் இழந்ததை மாலையில் மீட்டுக்கொள்ள அவனுக்கு மாலை கிடையாது.

வருண் பதின்மூன்று வயதில் விக்கெட் காப்பாளராகத் தொடங்கியவர். வயதுவரம்பு அணிகளில் இடம் கிடைக்காமல் பதினேழில் விட்டுவிட்டார். மீண்டு வந்தபோது மிதவேகப் பந்துவீச்சாளர். முழங்கால் காயம் அதையும் முடித்துவைத்தது. பிறகே சுழற்பந்து. டென்னிஸ் பந்தில் விளையாட்டாகப் பழகிய விரல் வித்தைகளைத் தோல் பந்துக்குக் கொண்டுவந்தார். 2017–18இல் ஜூபிலி கிளப்புக்காக, சென்னை லீகின் நான்காவது டிவிஷனில், ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட். நான்காவது டிவிஷன் ஆட்டங்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. எல்லைக்கோட்டில் ஒரு தண்ணீர்க் கேனும் ஆடுகிறவர்களின் இருசக்கர வாகனங்களும் நிற்கும், அவ்வளவே.

2018இல் தமிழ்நாடு பிரிமியர் லீகில் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வென்றபோது, ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்காதவர் என்று பெயர் பெற்றார். அவ்வாண்டு விஜய் ஹசாரே தொடரில் ஒன்பது ஆட்டங்களில் 22 விக்கெட். டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி கொடுத்தது 8 கோடியே 40 லட்சம்.

2019 மார்ச் 27, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். ஐ.பி.எல்.லில் அவர் வீசிய முதல் ஓவரிலேயே 25 ரன்கள். எதிரே சுனில் நரைன். அவரும் கண்கட்டுச் சுழற்பந்துக்காரர் என்பது இதில் ஒரு வேடிக்கை. அடுத்து வீசிய இரண்டு ஓவர்களில் வருண் கொடுத்தது பத்தே ரன், எடுத்தது ஒரு விக்கெட். இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. காயம் வேறு சேர்ந்துகொள்ள, அந்தத் தொடரில் அவர் மறுபடி ஆடவே இல்லை. பஞ்சாப் விடுவித்தது, கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்துக்கொண்டது.

2020இல் 17 விக்கெட்டுகள். ஆஸ்திரேலியா செல்லும் இந்திய அணியில் பெயர் வந்தது. தோள்பட்டைக் காயம் அதைப் பறித்தது. அந்த இடம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்குப் போயிற்று. வலைப்பயிற்சிக்குப் பந்துவீசச் சென்றவர் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். ஆனால் 2021 ஏப்ரலில் நடராஜனுக்கு முழங்கால் அறுவை. பின்னர் நெடுங்காலம் அழைப்பே வரவில்லை. ஒருவரின் காயம் இன்னொருவரின் வாயிலாவது இத்தொழிலில் அன்றாட நடப்பு.

2021 அக்டோபர் 24 அன்று துபாயில் உலகக் கோப்பை ஆட்டம். பாகிஸ்தானின் தொடக்க இணையை இந்தியப் பந்துவீச்சாளர்களில் ஒருவராலும் பிரிக்க இயலவில்லை; பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. அந்தத் தொடரில் மூன்று ஆட்டங்கள் ஆடி வருண் ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. தொலைபேசியில் மிரட்டல்கள் வந்ததையும் மனச்சோர்வில் வீழ்ந்ததையும் பின்னாளில் அவரே நேர்காணலில் கூறினார். 2022 ஐ.பி.எல்.லில் பதினோரு ஆட்டங்களில் ஆறே விக்கெட்.

நம்மைப் பொறுத்தவரை கதையின் மையம் இதற்கடுத்த இரண்டாண்டுகள்தாம். அதுவரை அவர் பந்துக்குத் தந்தது பக்கவாட்டுச் சுழற்சி. ஆடுகளம் ஒத்துழைத்தால் பந்து திரும்பும். இல்லையேல் வழுக்கிக்கொண்டு மட்டையாளனின் மட்டைக்கே போகும். அதை விட்டு மேற்சுழற்சிக்கு மாறினார். பந்து முன்னோக்கி உருண்டு சுழல்வதால் காற்றில் சட்டென்று தாழ்ந்து, தரையில் பட்டு எதிர்பாராத உயரத்துக்கு எழும். சொல்வதற்கு எளிது, தசைகள் பழகிய ஒன்றை முப்பது வயதில் அழித்து எழுதுவது எளிதன்று. இந்த மாற்றத்துக்கு இரண்டாண்டுகள் ஆனதாகச் சொன்னார். புகழ் கொடுத்ததையே கைவிட்டவர் அவர். 'மாயச் சுழல்' என்று ஊடகங்கள் பட்டம் கட்டுகிறபோது நமக்குச் சற்று எரிச்சலே வருகிறது. மாயம் என்றதும் உழைப்பு மறைந்துபோகிறது.

விருப்பமில்லாத பாடப்பிரிவில் அமர்ந்து சன்னல் வழியே மைதானத்தைப் பார்க்கிற மாணவர்கள் நம் வகுப்புகளில் ஆண்டுதோறும் உண்டு. வருகைப்பதிவேட்டில் அவர்களுக்கு நேரே சிவப்புக்கோடு விழுகிறது. அவர்களுள் பலருக்கு இரண்டாவது ஓவர் கிடைப்பதில்லை. இதை வருணின் கதையைச் சொல்லி ஆற்றிவிட முடியும் என்றும் நாம் நம்பவில்லை.

2023இல் 20, 2024இல் 21 என ஐ.பி.எல். விக்கெட்டுகள், 2024இல் கொல்கத்தாவுக்குக் கோப்பை. ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 2024 அக்டோபரில், இந்திய அணிக்குத் திரும்பினார். அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட், ஆட்டம் தோல்வி. 2025 சனவரியில் ராஜ்கோட்டில் இங்கிலாந்துக்கு எதிராக 24 ரன்னுக்கு ஐந்து விக்கெட், அதுவும் தோல்வி. நான்கு ஓவர்க்காரன் தன் பங்கை முற்றாகச் செய்துமுடித்துவிட்டு, மிச்சத்தைப் பிறர் கையில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிப்ரவரியில், முப்பத்துமூன்றாவது வயதில், முதல் ஒருநாள் ஆட்டம். அவரைவிட மூத்த வயதில் இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமானவர் அதுவரை ஃபரூக் எஞ்சினியர் ஒருவரே. மார்ச்சில் சாம்பியன்ஸ் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்ததும் துபாயில்தான், இம்முறை வெற்றி.

2025 செப்டம்பரில் இருபது ஓவர் பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடத்தை எட்டினார். அம்மாதம் 28ஆம் நாள், மறுபடியும் துபாய், மறுபடியும் பாகிஸ்தான், ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். தொடக்க இணை 84 ரன்கள் வரை பிரியாமல் நின்றது. முதலில் ஃபர்ஹானையும் பின்னர் ஃபகர் ஸமானையும், தொடக்க ஆட்டக்காரர் இருவரையுமே, வெளியேற்றியவர் வருண்.