பேரி மலரின் நாட்டில்

சியோல் நகரின் இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம், 1886-இல் மேரி ஸ்கிராண்டன் அம்மையார் ஒரேயொரு மாணவியுடன் தொடங்கிய கிறித்தவப் பள்ளியின் வளர்ச்சியாகும். மறு ஆண்டு மன்னர் கோஜோங் சூட்டிய அப்பெயருக்குப் பேரி மலர் என்று பொருள். உதவித்தொகை பெற்று என் மகள் அங்கே பயில்கிறாள். என் சம்பளத்தில் இயலுகிற காரியமன்று. எட்டுப் பருவங்களும் வாரந்தோறும் சேப்பலில் அமர்ந்தால்தான் பட்டம். “பிள்ளை மதம் மாறிவிடுவாளோ?” என்று என் தாயார் கலங்கினார். நானும் பாதிரிமார் கல்லூரியில் பி.ஏ. படித்தவன்தான், நெற்றித் திருநீறு அழிந்துவிடவில்லை. என் அச்சம் வேறு. டில்லியில் வளர்ந்தவளுக்குத் தமிழெழுத்துப் பாதிதான் வரும். அங்கோ கொரிய எழுத்து வந்து குடியேறிவிட்டது. சென்ற மாதம் பாட்டிக்குத் தமிழில் கடிதம் எழுதியிருந்தாள். கொரியக் குழந்தைகளும் தந்தையை ‘அப்பா’ என்றே அழைக்கின்றனவாம்! பிழைகள் ஏழு. திருத்தப் போன என் பேனாவைத் தாயார் தடுத்துவிட்டார்.