காட்டிக் கொடுக்கும் ஒற்று

மலைபைர் ரூல்லிண் ணாகிபைழ் ழட்ழாச்.

இது தமிழ்தான். வாசித்துப் பார்த்தால் நாக்கு சுளுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனவடலிசத்திரம் மெயின் ரோட்டு டீக்கடைப் பெஞ்சில் இப்படி ஒரு சீட்டு கைமாறும். நாங்கள் ஐந்து பேர். முதலில் அவிழ்க்கிற ஆளுக்கு டீயும் வடையும், கடைசி ஆள் காசு கொடுக்க வேண்டும். சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மாந்திரீகம் என்று ஒதுங்கிப் போனதும் உண்டு. மாற்றெழுத்துப் புதிர் என்று எழுத்தில் சொல்லலாம். எங்கள் வாயில் அது மாத்தெழுத்து.

விதி ஒன்றுதான். 18 மெய்யெழுத்துகளை மட்டும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். க வருகிற இடமெல்லாம் ம என்றால், கடைசிவரை ம. உயிரெழுத்து, கால், கொம்பு, புள்ளி எதையும் தொடக்கூடாது. முதலில் 247 எழுத்துக்கும் ஆளுக்கொரு குறி போட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் முழுக்க எழுதினாலும் பாதிக் குறிகள் ஒரு தடவைக்கு மேல் வரவில்லை, பிடிமானமே கிடைக்கவில்லை. அதை விட்டுவிட்டோம். 18 மெய்யை மாற்றி அடுக்க 64 கோடி கோடி வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆயுசு பத்தாது. ஆனால் டீ ஆறுவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. அதற்குக் காரணம் எங்கள் புத்தியல்ல, தமிழ் இலக்கணம்.

மேலே உள்ள சீட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் சொல் ர் என்று முடிகிறது, அடுத்த சொல் ரூ என்று தொடங்குகிறது. இரண்டாவது ண், மூன்றாவது ணா. மூன்றாவது ழ், நான்காவது ழ. ஒரு சொல் முடிகிற ஒற்றும் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் ஒன்றாகவே இப்படி வரிசையாக நிற்குமானால் அது வல்லினம் மிகுந்த இடம். க, ச, த, ப நான்கைத் தவிர வேறு எதுவும் அங்கே நிற்காது. எடுத்த எடுப்பிலேயே மூன்று எழுத்துகள் நான்கு பேர் கொண்ட கூண்டுக்குள் வந்துவிட்டன.

இனி கடைசிச் சொல். ழட்ழாச். ழ வல்லினம் என்று தெரியும். வல்லினம், ஓர் ஒற்று, அதே வல்லினம் நெடிலாக, பிறகு இன்னோர் ஒற்று. தந்தா- என்று கை தானாக எழுதும். தந்தானா, தந்தாளா, தந்தாரா என்பது மட்டும் தெரியாது. ஆளின் எழுத்தெல்லாம் கிடைத்து, ஆணா பெண்ணா என்று தெரியாமல் முழிப்பது இந்த விளையாட்டில் வாராவாரம் நடப்பது.

பிறகு முதல் சொல்லிலும் மூன்றாம் சொல்லிலும் ஒற்றுக்கு முன்னால் ஒரே பை. ஒன்றில் ஐகாரத்துக்குப் பின், மற்றதில் இகரத்துக்குப் பின். இ, ஈ, ஐ வழி யகரம் உடம்படுமெய்யாக வரும் என்று எட்டாம் வகுப்பில் படித்தது இங்கே வந்து உதவுகிறது. அது இரண்டாம் வேற்றுமை, யை. மீதி தானாகச் சரியும். கடையைப் பூட்டிச் சாவியைத் தந்தான்.

அப்படித்தான் நான் எழுதிக் கொடுத்தேன். எங்களில் ஒருவர் விசைத்தறிக்காரர். அவர் நீட்டிய விடை: படையைக் கூட்டிச் சாவியைத் தந்தான். எழுத்துக்கு எழுத்து சரி! படை கூட்டுகிறவன் எதற்கய்யா சாவியைத் தருகிறான் என்று கேட்டேன். கோட்டைச் சாவியாக இருக்கும் என்றார். சீட்டு இவ்வளவு குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று விடைகள் பொருந்தத்தான் செய்யும், யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இரண்டு டீ கொடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது வேறு இடத்தில். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும்போல எழுத்துக்கு எழுத்து க சேர்த்து க-பாஷை பேசியதுண்டு. அதில் ஒளிவு ஒன்றும் கிடையாது, வேகம் மட்டும்தான். பதினேழு வயதில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். சேலையில் தொங்கும் சீட்டில் விற்பனை விலைக்குக் கீழே, சின்னதாக மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். அது அடக்க விலை. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றை முதலாளி மனசில் வைத்திருப்பார். அதில் முதலெழுத்து 1, அடுத்தது 2 என்று போகும். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள் என்று குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டு சொல்வார்களே, அந்த வழியில் வந்ததுதான்.

இரண்டு மாதம் சேலை மடித்தேன். பெரும்பாலான சீட்டுகள் இரண்டே எழுத்துகளில் முடிவதைக் கவனித்தேன். விலை 0-விலோ 5-லோதானே முடியும்! முதல் எழுத்து பெரும்பாலும் 1 அல்லது 2. மீதியை விற்பனை விலையோடு ஒட்டிப் பார்த்து எடுத்துவிட்டேன். எடுத்ததோடு வாயை மூடியிருக்கலாம். ஊரிலிருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த சித்தியிடம் அடக்க விலையைச் சொல்லிவிட்டேன். சித்தி அந்த விலையை அப்படியே கேட்க, முதலாளி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து எனக்குக் குடோனில் வேலை. அடுத்த மாதச் சீட்டில் எழுத்துகள் மாறியிருந்தன.

உலகத்தில் இந்த வித்தையைப் பற்றிச் சொல்கிறவர்கள் 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-கிந்தியிலிருந்து தொடங்குவார்கள். எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணு, அதிலிருந்து பிடி என்று எழுதி வைத்தவர் அவர். எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய தங்க வண்டு கதையில் புதையல் சீட்டு அவிழ்வதும் அப்படித்தான். நானும் நோட்டுப் போட்டு எண்ணியிருக்கிறேன். க, த முன்னால் வரும் என்பது உண்மை. ஆனால் பத்துச் சொல் சீட்டில் எண்ணிக்கை ஏமாற்றும். எண்ணுவதைவிட எது எதன் பக்கத்தில் உட்காரும் என்று பார்ப்பதே தமிழுக்குச் சரி. அதைப் பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்காகவே கொடுத்துவிட்டார். க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டும் சேரும், ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே சேராது. சொல்லுக்கு நடுவில் இரட்டிக்கும் எழுத்தைக் கண்டால் அது ரகரமோ ழகரமோ இல்லை. ட, ற, ண, ன, ர, ல, ள, ழ எட்டும் சொல்லுக்கு முதலில் வராது. 13-ஆம் நூற்றாண்டில் மாணவர்களுக்காக எழுதியதை நாங்கள் வடைக்காகப் படிக்கிறோம்.

பெரிய வேலைகளும் இப்படி நடந்திருக்கின்றன. பிராமி எழுத்தை 1837-இல் பிரின்செப் திறந்தது சாஞ்சியின் குட்டிக் குட்டி வரிகளை வைத்து. எல்லாம் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கோயிலில் கல்லில் பெயர் வெட்டினால் அது என்னவாக இருக்கும்? உபயம்தான். தானம் என்று வைத்துப் பார்த்தார், பூட்டு திறந்தது. நம் பக்கம் பாளையங்கோட்டைக்கு அருகே மருகால்தலைக் குகையில் இருப்பது போன்ற எழுத்துகள் அதற்குப் பிறகும் குழப்பின. ழ, ள, ற, ன இருக்கின்றன, வடமொழிக்குரிய ஒலிப்பெழுத்துகளைக் காணவில்லை, ஆகவே இது தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் நிறுவினார். இருப்பதைப்போலவே இல்லாததும் காட்டிக் கொடுக்கும்.

ஒற்று என்றால் புள்ளி வைத்த மெய். ஒற்று என்றால் உளவும்தான். எங்கள் ஐவரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அண்ணாச்சி ஒருவர். சந்தி விடாமல் எழுதுவார். அவர் சீட்டுதான் எப்போதும் முதலில் அவிழும். ஒற்றை விட்டு எழுதுங்களேன் என்றால், தோற்றாலும் தோற்பேன், பிழையாக எழுத மாட்டேன் என்பார். தறிக்காரர் பேசுகிறபடி எழுதுவார். ஒற்றும் இருக்காது, உடம்படுமெய்யும் இருக்காது. அதை அவிழ்க்க இரண்டு நாள் ஆகும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மதியம் தாண்டியும் நானும் அண்ணாச்சியும் பெஞ்சில் இருந்தோம். அண்ணாச்சியின் பேத்தி சைக்கிளில் வந்து ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள். நான்கே சொல். முதல் சொல் ஆச்சி என்று உடனே தெரிந்தது. இரண்டாவது சொல் வினைமுற்று. ஆனால் கடைசி எழுத்தில் புள்ளி இல்லை. ஆள், ஆர் எதுவும் பொருந்தவில்லை. வினைமுற்று இப்படி முடியவே முடியாது, பிள்ளை பிழையாக மாற்றியிருக்கிறாள் என்று அண்ணாச்சி அடித்துச் சொன்னார். முக்கால் மணி நேரம் அடித்துத் திருத்திக்கொண்டிருந்தோம்.

தறிக்காரர் அந்த வழியாக வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். பேனாகூடக் கேட்கவில்லை.

"ஆச்சி கூப்பிடுதாவ, இலை போட்டாச்சு. எம்புட்டு நேரமா இங்க உக்காந்து என்ன பண்ணுதீய?"