சித்திரகுப்தன் உத்தியோகம்

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை பிள்ளை லீவில் வந்திருந்தான். அங்கே அவனும் சிநேகிதர்களும் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி உற்சாகமாகச் சொன்னான். 'டெட் பூல்' என்று பெயராம்.

ஜனவரி பிறந்ததும் ஆளுக்குப் 10 பிரமுகர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குள் அவர்களில் யாராவது காலமானால் எழுதியவனுக்கு மார்க்கு. இறந்தவரின் வயதை 100-லிருந்து கழித்தால் வருவதுதான் மார்க்கு. 95 வயதுக் கிழவர் போனால் 5. நாற்பது வயது நடிகர் போனால் 60!

"ஏன் மாமா முகத்தைச் சுளிக்கிறீர்கள்? நாங்கள் யாரையும் கொல்லவில்லையே!" என்றான்.

அவனுக்கு ஒரு மனக்குறை. 2023 பிப்ரவரியில், மாஜி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஆஸ்பத்திரி வைத்தியம் போதும் என்று வீட்டோடு இருந்துவிட்டார். அந்த நவம்பரில் அவர் மனைவி ரோஸலின் முந்திக்கொண்டார். இனி இவர் தாங்கமாட்டார் என்று அடுத்த ஜனவரியில் பையன் அவர் பெயரையே முதலில் எழுதினான். அவரோ அக்டோபரில் 100 வயதைப் பூர்த்தி செய்துவிட்டு, 2024 டிசம்பர் 29-ந் தேதி நிதானமாகப் போனார். நூறில் நூறு போனால் சைபர்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இது புது வியாதி அல்ல. 18-ம் நூற்றாண்டில் லண்டனில் முன்பின் தெரியாத பிரமுகர்கள் பேரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசி வாங்கி, அவர்கள் சாவின்மேல் பந்தயம் கட்டினார்கள். 1774-ல் பார்லிமெண்ட் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. வக்கீல் பாஷையை விட்டுச் சொன்னால் விஷயம் இதுதான்: ஒருவர் போவதால் உனக்கு நஷ்டம் உண்டென்றால் பாலிசி எடு, லாபம் மட்டும் என்றால் எடுக்காதே.

ஆனால் பையனைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை ஏது? பத்திரிகைக்காரர்கள் எல்லாருமே சித்திரகுப்தன் உத்தியோகம் பார்ப்பவர்கள்தாம். 2011-ல் எலிசபெத் டெய்லர் இறந்தபோது 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட கட்டுரையை எழுதிய மெல் கஸ்ஸோ, 2005-லேயே காலமாகியிருந்தார்!

பல வருஷங்களுக்கு முன் மூத்த எழுத்தாளர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். "கட்டுரை தயாராக இருக்கட்டும்" என்றார் ஒரு பத்திரிகை ஆசிரியர். ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். நன்றாக அமைந்துவிட்டது. கடைசிப் பாராவில் எனக்கே கண் கலங்கியது.

மனிதர் பிழைத்துக்கொண்டார். நான் தினமும் காலையில் பேப்பரைப் பிரித்துப் பார்ப்பேன். செய்தி இராது. அப்போது மனசில் எழுந்த உணர்ச்சிக்கு ஏமாற்றம் என்று பெயர் வைக்க அன்று எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு மாதம் கழித்துத் தடியை ஊன்றிக்கொண்டு அவரே வீடு தேடி வந்தார். காபி சாப்பிட்டார். "என்னைப் பற்றி ஏதோ எழுதி வைத்திருக்கிறீராமே, படியும் கேட்போம்" என்றார். வேறு வழியில்லை. 'இருந்தார்' என்ற இடத்திலெல்லாம் 'இருக்கிறார்' என்று மாற்றி மாற்றிப் படித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நன்றாக வந்திருக்கிறது. எப்போது போடுவதாக உத்தேசம்?" என்றார்.

அன்றே அதைக் கிழித்துப் போட்டேன். நான்கு வருஷம் அடிக்கடி சந்தித்துப் பேசினோம். பிறகு அவர் உண்மையாகவே போனபோது அதே ஆசிரியர் கட்டுரை கேட்டார். ஒரு வரி கூட ஓடவில்லை. 1774-ம் வருஷத்துச் சட்டப்படி அன்றுதான் எனக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தது.

இதைப் பையனிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாமலிருந்தான். பிறகு மெள்ள, "அப்போது அவருக்கு என்ன வயது மாமா?" என்றான்.

"75" என்றேன்.

சொல்லி வாய் மூடுவதற்குள், பாழும் மனசு, 25 என்று கணக்குப் போட்டுவிட்டது.