மேளம் கட்டும் தெரு

தஞ்சாவூரைப் பார்க்க வருகிற உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வழிகாட்டுகிற பொறுப்பு, கரந்தையிலேயே பிறந்து கரந்தையிலேயே நரைத்தவன் என்ற காரணத்தால், வெகுகாலமாக என்னிடம் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து, அரண்மனையில் தர்பார் மண்டபத்தைச் சுற்றி வந்து, தலையாட்டி பொம்மை ஒன்றை வாங்கிக் காகிதத்தில் பொதிந்துகொண்டு மாலை ரயிலில் ஏறிவிடுகிறவர்களை வழியனுப்பிவிட்டு வீடு திரும்புகிறபோதெல்லாம், கட்டடங்களைத்தான் காட்டினோம், ஊரைக் காட்டவில்லை என்ற குறை என் மனத்தில் தங்கிவிடும். அந்தக் குறை சென்ற மாசி மாதத்தில் ஒருவாறு தீர்ந்தது. தீர்த்துவைத்தது என் தாயாருடைய பழைய வீணை.

சென்னையில் வீணை பயிலும் என் தமக்கையின் பேத்தி, கொள்ளுப்பாட்டியின் வாத்தியத்தில் வாசித்தே தீருவேன் என்று வந்து நின்றாள். பரணிலிருந்து இறக்கித் துணியைப் பிரித்தபோது வீணை இருந்த கோலம் என் கண்ணில் நீரை வரவழைத்தது. ஓட்டுக் கூரையின் கீழ் எத்தனையோ கோடைகளின் வெக்கையைத் தாங்கித் தாங்கி மெழுகு இளகி வழிந்து, மெட்டுகள் ஒன்றன்மேலொன்று சாய்ந்து கிடந்தன.   

வீணையைச் செப்பனிடக் கொடுப்பதற்காகக் கரந்தையிலிருந்து புறப்பட்டு, வடவாற்றுப் பாலத்தைத் தாண்டி, வடக்கு வாசல் வழியாக ஆட்டோவில் ஊருக்குள் நுழைந்தோம். வாசல் என்று பெயர்தானே தவிர அங்கே கதவும் இல்லை, கோட்டை மதிலும் இல்லை. ஆனால் தஞ்சாவூர்க்காரன் வாயில் கோட்டை இன்னும் இடியவில்லை. மதில் இருந்த இடத்தையொட்டிய குடியிருப்புகளைக் கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம்; அலங்கம் என்றால் கோட்டையின் கொத்தளம். மேல அலங்கத்தின் பக்கம் அகழியின் ஒரு பகுதியும் மிஞ்சியிருக்கிறது. கடிதத்தின் மேல் விலாசமாக எழுதும் ஒரு சொல்லில் நாயக்கர் காலத்து மதிலைச் சுமந்துகொண்டிருக்கிறோம் என்று நான் சொன்னபோது, பேத்தி மடியிலிருந்த வீணையை இன்னும் கெட்டியாக அணைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

தெற்கு வீதியை அடுத்த ஒரு சந்திலே, முன்புறம் கீற்றுச் சார்ப்பு இறக்கிய ஒரு வீடு, அதுவே பட்டறை. உள்ளே கால் வைப்பதற்கு முன்பே பலாமரத்தின் வாசனை வந்து எதிர்கொண்டது. தரையெல்லாம் மஞ்சள் சிராய். மூன்று பேர் வேலையிலிருந்தார்கள். ஒருவர், பிளந்த மரத்துண்டைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, உளியைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் குடத்தைக் குடைந்துகொண்டிருந்தார். வாலிபர் ஒருவர் யாளி முகத்தின் பிடரிக்கு மயிர் பிரித்துக்கொண்டிருந்தார். மூத்தவர், எழுபதை நெருங்கியவர், ஓர் ஓரமாகச் சுவரில் சாய்ந்து, மடியிலே வேலை முடிந்த ஒரு வீணையை வைத்துக்கொண்டு ஒரே தந்தியை மீட்டி மீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மரம் பண்ருட்டிப் பலா. முற்றிய மரமாக இருக்கவேண்டும், ஈரம் முழுக்க வடிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் குடம் பின்னாளில் வெடிக்கும். குடைகிறவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உளியைக் கீழே வைத்துவிட்டு, விரல் முட்டியால் குடத்தின் புறத்தைத் தட்டிப் பார்ப்பார். சுவர் தடித்திருந்தால் நாதம் அடைத்துக்கொள்ளும், மெலிந்துவிட்டால் தகரச் சத்தம் கேட்கும். இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டுவதற்கு அளவுகோல் எதுவும் அங்கே இல்லை. குடமும் தண்டியும் தலையும் ஒரே மரத்தில் அமைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. எங்கள் வீணை ஒட்டு. பொருத்துவாயை மறைத்து மான்கொம்பில் இழைத்த பட்டையை மூத்த ஆசாரியார் விரலால் தடவிப் பார்த்து, "இதெல்லாம் இனிமே கண்ணாலதான் பாக்கலாங்கய்யா" என்றார். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிற்பாடு அந்த அலங்காரத்தையெல்லாம் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். தண்டியின் கீழ் பொருத்தும் சுரைக்காய்க்குக்கூட இப்போது மெய்யான சுரைக்காய் அபூர்வம். மானுக்கு நல்லதுதானே என்று நான் சொல்ல, அவரும் மனப்பூர்வமாக ஆமோதித்தார்.

இளகிய மெழுகின் ஒரு துணுக்கைக் கிள்ளி, விரலில் உருட்டி, முகர்ந்து பார்த்த பிறகே அவர் வேலையை ஏற்றுக்கொண்டார். "பழசை எல்லாம் சுரண்டி எடுத்துட்டுப் புது மெழுகு போடணும். மேளம் கட்டுறதுக்கு அவசரப்படக் கூடாது. நீங்க ஊரைச் சுத்திட்டு வெயில் தாழ வாங்கய்யா."

மேளம் கட்டுதல் என்ற சொற்றொடரை வெளியூரார் கேட்டால் கல்யாண வீட்டு நாகஸ்வரத்தை நினைத்துக்கொள்வார்கள். வீணைப் பட்டறையில் அதற்கு அர்த்தம் வேறு. தண்டியின் இருபுறமும் தேன்மெழுகோடு குங்கிலியமும் கரித்தூளும் காய்ச்சிச் சேர்த்த கறுப்பு மெழுகைக் கரையாக எழுப்பி, அதன்மேல் இருபத்து நான்கு வெண்கல மெட்டுகளை, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஸ்வரஸ்தானத்தில் காதால் கேட்டு நிறுத்துவதே மேளம் கட்டுதல். மரம் குடைகிறவர்கள் பலர் உண்டு. மேளம் கட்டுகிறவர்கள் எப்போதுமே சிலர்தான்.

வெயில் தாழும் வரை கிடைத்த அவகாசத்தில், பேத்தியை அழைத்துக்கொண்டு வீதிகளைச் சுற்றினேன். இம்முறை என் வழக்கமான பாதையை விட்டுவிட்டு, வீணையின் பின்னால் போவது என்று தீர்மானித்தேன்.

கீழ வீதி அரண்மனைக்குள் நுழைந்ததும் முதலில் சங்கீத மகாலுக்குப் போனோம். 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் வீணை வாசிப்பதில் வல்லவர். முன்னெல்லாம் ராகத்துக்கு ராகம் மெட்டுகளைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியிருந்த வீணையில், ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இருபத்து நான்கு மெட்டுகளை நிலையாகப் பொருத்தி, எல்லா ராகங்களையும் ஒரே வாத்தியத்தில் வாசிக்க வழிசெய்தவர் அவர் என்பது தஞ்சை மரபு. அவருடைய மந்திரி கோவிந்த தீக்ஷிதர். அந்தக் கோவிந்த தீக்ஷிதரின் குமாரர் வேங்கடமகி, 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் எழுபத்திரண்டு மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, வகுத்துக் காட்டியவர். இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே நான் நெடுநாள் வாசித்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் அன்று காலை அந்த மெட்டு வரிசையைப் பார்த்துவிட்டு வந்து மகாலில் நின்றபோது, பன்னிரண்டு ஸ்தானங்களும் இப்படிக் கண்ணெதிரே படிக்கட்டாக நிற்கிற வாத்தியம் ஒன்று வீட்டில் இருந்திராவிட்டால், எழுபத்திரண்டு என்ற கணக்கு ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்குமா என்ற எண்ணம் எழுந்தது. சாஸ்திரத்துக்கு முன்னால் ஓர் ஆசாரியின் கை போயிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சரஸ்வதி மகாலின் சுவடிகளுக்கு நடுவே அந்த ஆசாரியின் பெயரைத் தேடி என்ன பிரயோஜனம்?

அங்கிருந்து மேல வீதி. தஞ்சாவூரில் ஒரே ஒரு தெருவில் நடக்கத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், தயங்காமல் இந்தத் தெருவையே சொல்வேன். காஞ்சியிலிருந்து கலகக் காலத்தில் புறப்பட்டு ஊர் ஊராகத் தங்கி வந்த பங்காரு காமாக்ஷி இங்கேதான் கோயில் கொண்டாள். அவளை உடன் கொண்டுவந்த அர்ச்சகர் குடும்பத்தில் பிறந்த சியாமா சாஸ்திரிகள் அந்தச் சந்நிதியில் பூஜை செய்துகொண்டே கிருதிகளைப் பாடினார். நாட்டிய ஆசிரியர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரும் வாழ்ந்த வீடும் இந்த வீதியில்தான். அந்த நால்வருக்குக் குருவாக வாய்த்த முத்துசுவாமி தீக்ஷிதர் கையில் இருந்ததோ வீணை. மத்தியான வெயிலில் திண்ணைகளெல்லாம் காலியாக இருந்தன. பாதி வீடுகள் மாடி எழுப்பிக் கடைகளாகிவிட்டன. ஆயினும் சந்நிதி வாசலில் நின்றபோது பேத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதற்கு முன்பே தெருவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கடைசியாகப் பெரிய கோயில். விமானத்தின் பக்கம் போகாமல், நேரே மதிற்சுவர்க் கல்வெட்டுக்கு அவளை அழைத்துப்போனேன். ஊரைச் சுற்றிக் காட்டும் நூல்களில் நான் அறிந்தவரை இதுவே மிகப் பழமையானது. கோயிலுக்கென்று இராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளையும், தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு, வடசிறகு என்று தெருவாரியாக, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று வீடுவாரியாக, இன்ன ஊரிலிருந்து வந்த இன்ன பெயருடையவள் என்று அந்தக் கல்வெட்டு எழுதிவைத்திருக்கிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களைத் தொடர்ந்து நட்டுவர், பாடுவார், வீணை வாசிப்பார், தையற்காரர், குயவர், தச்சர். வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயரையும் இந்தக் கோயிலின் கல் மறக்கவில்லை. அந்தத் தெருக்களில் ஒன்றுகூட இன்று இல்லை. வாசிக்கிறவருக்கும் தச்சருக்கும் ஒரே பட்டியலில் இடம் கொடுத்த அந்த மனம், பிற்காலத்துச் சங்கீதப் புத்தகங்களுக்கு இல்லாமல் போயிற்றே என்பதுதான் எனக்குத் துயரம்.

நாங்கள் பட்டறைக்குத் திரும்பியபோது புது மெழுகு ஏறி, கறுத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. ஏழு தந்திகளில் சாரணியை மாத்திரம் கட்டி, ஆசாரியார் மேளம் கட்டத் தொடங்கியிருந்தார். திறந்த தந்தி ஸட்ஜம். பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஸட்ஜத்தையும் ஏழாம் மெட்டில் பஞ்சமத்தையும் முதலில் நிறுத்திக்கொண்டு, இடையிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தார். மெட்டை மெழுகின்மேல் வைப்பார், இடது விரலால் தந்தியை அழுத்தி மீட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார், பிறகு, எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு மெட்டை நகர்த்திவிட்டு மறுபடியும் மீட்டுவார். இப்படி ஒரு மெட்டுக்குப் பத்துத் தடவையும் ஆகும், இருபது தடவையும் ஆகும். குதிரையின் உயரம், தந்தியின் பருமன், தண்டியின் வளைவு எல்லாம் வீணைக்கு வீணை மாறுவதால், ஒரு வீணையின் அளவு இன்னொன்றுக்கு உதவாது. மெழுகு வெயிலுக்கு இளகுகிறதே, வேறு எதிலாவது பதிக்கக் கூடாதா என்று கேட்டேன். "இளகணுங்கய்யா. இளகினாத்தானே நகத்த முடியும்" என்றார்.

வாசிக்கத் தெரியுமா என்று பேத்தி அவரைக் கேட்டாள். தெரியாது என்றார். தகப்பனார் காலத்தில் வித்வான்கள் பட்டறைக்கே வந்து உட்கார்ந்து, தங்கள் கைக்கு ஏற்றபடி மெட்டைச் சொல்லிச் சொல்லி நகர்த்தச் செய்வார்களாம். அவர்கள் வாசிக்கக் கேட்டுக் கேட்டு வந்த ஞானமே தம்முடையது என்றார். 2013ஆம் வருஷத்தில் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி விசாரித்தேன். ஊருக்குப் பெருமை என்று சந்தோஷத்தோடு சொன்னவர், கூலியைப் பற்றிக் கேட்டபோது பேசாமல் யாளி செதுக்கும் வாலிபரைப் பார்த்தார். அவர் தம்பி மகனாம். உளி வேலை வந்துவிட்டது, மேளம் கட்ட இன்னும் உட்காரவில்லை. வெளிநாடு போவதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். போகாதே என்று சொல்லத் தமக்கு வாய் வரவில்லை என்றும், போய்விட்டால் இந்தக் காதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்றும் அவர் தணிந்த குரலில் சொன்னபோது, உளியின் சத்தம் சற்று நேரம் நின்று, மறுபடி கேட்கத் தொடங்கிற்று.

முதல் ஸ்தாயி முடிந்ததும், "அம்மா, நீங்க கொஞ்சம் வாசிங்க" என்று வீணையைப் பேத்தியின் மடிக்கு மாற்றினார். அவள் மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை வாசித்தாள். நான்காம் மெட்டு அந்தர காந்தாரத்துக்கு வந்தபோது ஆசாரியார் கையைக் காட்டி நிறுத்தினார். சரியாகத்தானே பேசுகிறது என்றாள் அவள். "எனக்குச் சரியாத்தான் பேசுச்சு. நீங்க அழுத்தி வாசிக்கிறீங்க, ஸ்வரம் ஏறுது" என்று சொல்லிக்கொண்டே, மெட்டை யாளிப் பக்கமாக ஒரு மயிரிழை தள்ளினார். அவள் மறுபடி வாசித்தாள். அவர் தலையசைத்தார். அம்மாவின் கை மெதுவான கை. வெகு லேசாகத் தொடுவாள். அவள் கைக்குக் கட்டிய மேளம் காலையில் சுரண்டிய மெழுகோடு போய்விட்டது. ஒரு மூலையில் கறுப்புக் குவியலாகக் கிடந்த அந்த மெழுகை ஒரு காகிதத்தில் மடித்துத் தரும்படி கேட்டேன். ஆசாரியார் காரணம் கேட்காமல் மடித்துக் கொடுத்தார்.

இரண்டாம் ஸ்தாயியை மறுநாள் கட்டி முடித்தார். மெழுகு நன்றாக இறுகட்டும் என்று, அந்தி சாய்ந்த பிறகே வீணையை எங்களிடம் ஒப்படைத்தார். ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகும்படி சொல்லியிருந்தோம். வடக்கு வாசல் தாண்டி வடவாற்றுப் பாலத்தில் ஏறுகையில், சாலையின் மேடுபள்ளத்துக்கெல்லாம் பேத்தியின் மடியில் துணிக்குள்ளிருந்து ஏழு தந்திகளும் ரீங்கரித்தன. கரந்தை வரும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.