முனையும் இலக்கும்

தாம்பரத்திற்குத் தென்கிழக்கே உள்ள மாடம்பாக்கம், தேனுபுரீசுவரர் கோயிலாலும் ஏரியாலும் பெயர் பெற்ற ஊர். கோயிலின் விமானம் படுத்துறங்கும் யானையின் பின்புறம் போல வளைந்திருத்தலின், அதனைத் தூங்கானை மாடம் என்பர். அவ்வூர் மாணவன் ஒருவன் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, முகாமில் முதன்முறையாகப் ‘பாயிண்ட் 22’ துப்பாக்கியை ஏந்தினான்.

துரோணர் வைத்த சோதனையை அவன் அறிவான். மரத்தையும் கிளையையும் காணாது, பறவையின் கண்ணை மட்டுமே கண்டவன் அருச்சுனன் அன்றோ? ஆகவே அவனும் 25 கஜத் தொலைவிலிருந்த கறுப்பு வட்டத்தையே இமையாது நோக்கி ஐந்து முறை சுட்டான். தாளில் மூன்று துளைகளே விழுந்திருந்தன. அவையும் மூலைக்கொன்றாகக் கிடந்தன.

“தம்பி, எதைப் பார்த்துச் சுட்டாய்?” என்றார் பயிற்சியாளர்.

“வட்டத்தை, ஐயா.”

“அதுதான் பிழை.”

மாணவன் திகைத்தான். இலக்கைப் பார்ப்பது பிழையாகுமா?

துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. குழலின் வாயருகே மெல்லிய முனை ஒன்று உண்டு. முனை பள்ளத்தின் நடுவே நின்று, அதன் விளிம்புக்கு ஒப்ப உயர்ந்து, இலக்கைத் தொடுமாறு பிடித்தல் வேண்டும். ஆயினும் பள்ளம், முனை, இலக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு தொலைவில் உள்ளன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காணும். ஏரிக்கரையில் நின்று கட்டைவிரலை நீட்டி, அதற்கு அப்பால் உள்ள பனைமரத்தை ஒற்றைக் கண்ணால் நோக்குக. மரம் தெளிந்தால் விரல் மங்கும்; விரல் தெளிந்தால் மரம் மங்கும்.

எனின், எதனை மங்க விடுவது? கணக்கே விடை கூறும். துப்பாக்கி சாயாமல் முழுவதும் ஒருசேர 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால், குண்டும் 1 மி.மீ. மட்டுமே விலகும். முனை மட்டும் பள்ளத்தின் நடுவிலிருந்து 1 மி.மீ. பிறழ்ந்தாலோ, பள்ளத்திற்கும் முனைக்கும் இடையே 60 செ.மீ. எனக் கொண்டால், 25 கஜத்தில் குண்டு ஏறக்குறைய 38 மி.மீ. விலகிவிடும். முனை தெளிந்திருந்தால் அப்பிறழ்ச்சி உடனே புலப்படும். எனவே மங்க வேண்டியது இலக்கே.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிலும் இதே நிலைதான். அங்கு உருப்பெருக்கும் தொலைநோக்கிக்கு இடமில்லை. முன்புறத்தில் முனைக்கு மாறாக ஒரு வளையம் இருக்கும். பத்து மதிப்பெண் பெறும் நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டரே. அப்புள்ளி, சுடுபவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கறுப்பு வட்டத்தை வளையத்தின் நடுவே நிறுத்துவதோடு அவர் கண்ணின் வேலை முடிகிறது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், 2012இல் இலண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங்கும், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற, கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இப்போட்டியில் புகழ் பெற்றவர்களே.

கண்ணைத் திருத்துவது எளிது. விரலைத் திருத்துவதே கடினம். குண்டற்ற துப்பாக்கியோடு மாணவன் பல நாள் பழகினான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினான். விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்தினான். சில நொடிகளுக்குள் விசை விழாவிடில் துப்பாக்கியைத் தாழ்த்தினான்; நெடுநேரம் உற்று நோக்கும் கண் களைத்துவிடும். இவ்வாறு தாழ்த்துவதற்கு அவன் முதலில் வெட்கப்பட்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மீண்டும் ஐந்து குண்டுகள் தரப்பட்டன. தாளைக் கொணர்ந்தபோது அவன் முகம் வாடியது. வட்டத்தின் நடுவில் ஒரு துளையும் இல்லை. ஐந்தும் இடப்புறம் கீழே இருந்தன. பயிற்சியாளரோ சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அத்துளைகளின்மீது வைத்தார். ஐந்தும் மறைந்தன.

“இப்போது நீ சரி, தம்பி. இனித் துப்பாக்கியைத் திருத்துவோம்” என்றார்.