எமிலும் ஒரு குண்டூசியும்

துப்பறியும் கதைன்னா ஒரு கொலை இருக்கணும், வெளியில மழை பெய்யணும், கோட் போட்ட ஒருத்தர் பைப் பிடிக்கணும்... இப்படித்தானே நினைச்சிட்டு இருக்கோம்? எரிஹ் கேஸ்ட்னர் 1929ல ஜெர்மன்ல எழுதின 'எமிலும் துப்பறிவாளர்களும்' நாவல்ல இதெல்லாம் கிடையாது. களவு போறது வெறும் 140 மார்க். துப்பறியறது பள்ளிக்கூடப் பசங்க!

எமிலுக்கு அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே பெண்களுக்குத் தலை அலசி, முடி அலங்காரம் பண்ணிச் சம்பாதிக்கிறாங்க. அந்தக் காசுலதான் பாட்டிக்கு 120, பையன் செலவுக்கு 20. பெர்லின் போற ரயில்ல எமில் நோட்டுகளைக் கோட்டோட உள்பையில குண்டூசியால குத்தி வைக்கிறான். அப்புறம் தூங்கிடறான். முழிச்சா பணத்தையும் காணோம், கூட வந்த தொப்பிக்காரரையும் காணோம்.

போலீஸ்கிட்ட போகலாமே? அங்கேதான் சிக்கல். ஊர்ல ஒரு பிரபுவோட சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் வரைஞ்சவன் நம்ம ஆளு. முதல்ல தன்னைத்தான் பிடிப்பாங்கன்னு பயம் :-)

அப்புறம் ஹாரனும் கையுமா வர்ற குஸ்டாவ், அவன் திரட்டுற பெர்லின் பசங்க கூட்டம்... எனக்குப் பிடிச்சவன் குட்டிப் பையன் டீன்ஸ்டாக். எல்லாரும் திருடனைத் துரத்த, இவன் மட்டும் வீட்டுல டெலிபோன் பக்கத்துலயே காவல் இருக்கான். இவன் இல்லைன்னா யாருக்கும் தகவல் போகாது.

கடைசியில பேங்க்ல திருடன் அதே பணத்தை நீட்டறான். அது எமிலோடதுன்னு எப்படி நிரூபிக்கிறது? நோட்டுல குண்டூசி ஓட்டை! பி.காம் படிக்கிற எனக்கு ஆடிட்டிங் பாடமே ஞாபகம் வந்துடுச்சு. நம்பிக்கை வேற, அத்தாட்சி வேற.

இன்னொரு விஷயம். 1933ல பெர்லின்ல நாஜிகள் கேஸ்ட்னர் புத்தகங்களை எரிச்சப்ப, அவரே கூட்டத்துல நின்னு பார்த்தார். எமில் கதைக்கு இருந்த செல்வாக்கால அதை மட்டும் விட்டுட்டாங்க. அழகழகா படம் போட்ட வால்டர் டிரியர் யூதர். 1936ல லண்டனுக்குப் போயிட்டார்.

ஒரு ஏழை அம்மாவோட 140 மார்க்கை, ஒரு கொலை வழக்கு அளவுக்குப் பெரிசா மதிச்ச கதை இது. அதனாலதான் சிரிச்சுக்கிட்டே படிச்சாலும் மனசு கனக்குது. பரிசாக் கிடைக்கிற 1000 மார்க்குல எமில் முதல்ல நினைக்கிறது, அம்மாவுக்குத் தலைமுடி உலர்த்துற மின்சார மெஷினும் ஒரு கோட்டும்தான்.

கடைசியில பாட்டி சொல்ற நீதி என்ன தெரியுமா? பணத்தை எப்பவும் மணியார்டர்லதான் அனுப்பணுமாம்!